மீன் எங்க இருக்குனு போன் சொல்லிருது, யாருக்கு விக்கணும்னு யாரு சொல்றா?

எங்க ராமநாதபுரம் மாவட்டத்துல, மண்டபத்துல இருந்து தேவிபட்டினம் வரைக்கும் எந்தக் கரையில வேணாலும் விடிஞ்சும் விடியாம போய் நின்னு பாருங்க, வத்தைனு சொல்ற சின்ன நாட்டுப்படகு வந்து அணைஞ்சிருக்கும், வீட்டுப் பொம்பளைங்க புள்ளைங்க எல்லாம் மணல்ல உக்காந்து வலையில சிக்குன நண்ட ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டு இருப்பாங்க, பக்கத்துல ஒரு போன்ல பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும். என் மச்சான் ஒருத்தன் நண்டு வலைக்குப் போறவன். அவன் போன்லயே காத்து எப்படி அடிக்கும், அலை எத்தன அடி, தூத்துக்குடியில இன்னைக்கு நண்டு என்ன விலை, எல்லாம் வந்துருது. போன வருசம் ஒரு நாள் கூடையத் தூக்கிக்கிட்டு நேரா நண்டு வாங்குற கம்பெனி செட்டுக்குப் போனான், அங்க குடுக்குற விலை அவன் போன்ல இருந்த விலைய விட நல்லாவே கம்மி. ஏன் மச்சான் இங்கயே போடுறனு கேட்டேன். "முன்பணம் வாங்கியிருக்கம்ல, வேற எங்கயும் போட முடியாது மாப்ள"னு சொல்லிட்டு போயிட்டான், அதுல அவனுக்கு பெருசா வருத்தம் கூட இல்ல, மழை பெய்யுதுனு சொல்ற மாதிரி சொன்னான்.

எனக்கு அது மனசுலயே நின்னுருச்சு. வளர்ற நாடுகள்ல டெக்னாலஜி வந்தா, புது பிசினஸ் ஐடியா வந்தா வறுமை தானா குறையும்னு முப்பது வருசமா பேசிட்டு இருக்காங்க, அதுல பாதி நெஜம்தான், நான் அத மறுக்கல. ஆனா எந்தப் பாதி நெஜம், எந்தப் பாதி நம்ம கரையில வந்து சிக்கி நிக்குதுனு பிரிச்சுப் பாக்கணும்ல. தமிழ்நாட்டு கடற்கரையில கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு ராமநாதபுரம் மாவட்டத்துலதான் இருக்கு, வடக்குப் பக்கம் பாக் நீரிணை, தெக்குப் பக்கம் மன்னார் வளைகுடா, ரெண்டு கடலும் ரெண்டு குணம். இங்க எது வேலை செஞ்சது எது செய்யலனு பாத்தா மத்த இடத்துக்கும் அதுல பாடம் இருக்கு.

முதல்ல எல்லாரும் சொல்ற கதைய சொல்லிர்றேன், ஏன்னா அது உண்மையிலயே நல்ல ஆராய்ச்சி. ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளர், 1996ல இருந்து 2001 வரைக்கும் வட கேரளாவுல கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு பக்கம் 15 கடற்கரை மார்க்கெட்ட எடுத்துக்கிட்டு, மத்தி மீன் விலைய வாரா வாரம் குறிச்சுக்கிட்டே வந்தாரு. அந்த சமயத்துலதான் அங்க செல்போன் டவர் ஒவ்வொரு மாவட்டமா வருது, அதனால போன் வர்றதுக்கு முன்ன எப்படி, வந்த பிறகு எப்படினு சுத்தமா ஒப்பிட முடிஞ்சது. அவர் சொல்ற ஒரு நாள் கணக்கு இருக்கு, 1997 ஜனவரி 14, வடகரையில 11 மீனவருக்கு மீன வாங்க ஆளே இல்ல, ஆனா அன்னைக்கே 15 கிலோமீட்டருக்குள்ள இருக்குற சோம்பாலயிலயும் கொயிலாண்டியிலயும் 27 பேர் மீன் கிடைக்காம நிக்கிறாங்க. இவங்க மீன கடல்ல கொட்டணும், அவங்க வெறுங்கையோட போகணும், நடுவுல ஒரு போன் கால் தூரம்தான். போன் வந்ததும் கடல்ல இருந்தே நாலு கரைக்கு அடிச்சுக் கேட்டு விலை இருக்குற இடத்துல போய் எறக்க ஆரம்பிச்சாங்க. வீணாப் போற மீன் கிட்டத்தட்ட இல்லாமயே போச்சு, மீனவங்க லாபம் சராசரியா 8 சதவீதம் கூடிச்சு, வாங்குற மக்களுக்கு விலை 4 சதவீதம் கொறஞ்சுச்சு. ரெண்டு பக்கமும் லாபம், அரசாங்கம் ஒத்த ரூபா போடல. 2007ல இது வெளியான பிறகு உலகம் பூரா இதயே உதாரணமா காட்டுறாங்க.

சரி, அந்த 8 சதவீதம் என் மச்சானுக்கு ஏன் வரல? அவன்கிட்டயும் போன் இருக்கே.

காரணம் ரெண்டு. சின்ன காரணத்த சட்டுனு சொல்லிர்றேன். நம்ம ராமேஸ்வரம் விசைப்படகுங்க பாக் நீரிணைப் பக்கம் வாரத்துல மூணு நாள்தான் கடலுக்குப் போகணும், திங்க, புதன், சனி, மத்த நாள் நாட்டுப்படகுக்கு. சண்டை வராம இருக்க போட்ட நல்ல ஏற்பாடுதான் அது. ஆனா எல்லா லாஞ்சும், அதாவது விசைப்படகும், ஒரே நாள் போயி மறுநாள் காலையில ஒரே நேரத்துல வந்து எறக்கும்போது போன் என்ன செய்யும், எல்லாப் பக்கமும் ஒரே விலைதான், ஐஸ் வண்டி வச்சிருக்குறவன் கை மேல இருக்கும்.

பெரிய காரணம், மீன் வாங்குற கம்பெனிக்காரர் முன்னாடியே குடுத்து வைக்கிற முன்பணம். இத நிதானமா பாக்கணும், ஏன்னா வெளியில இருந்து வர்ற எல்லாரும் இத ஒரே வார்த்தையில சுரண்டல்னு சொல்லிட்டுப் போயிர்றாங்க, நம்ம ஆளுங்க அதக் கேட்டு தலையாட்டிட்டு சாயங்காலம் அதே கம்பெனிக்காரர்கிட்டதான் போறாங்க, போகாம முடியாது. வலை கிழிஞ்சா, இன்ஜின் நின்னா, வீட்டுல ஒரு ஆளுக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா, யாரு கையில இருந்து காசு வரும்? பேங்க் வராது. பேங்க்ல பட்டா கேப்பாங்க, கடற்கரைக் குடியிருப்புல முக்கால்வாசிப் பேர் வீடு புறம்போக்குலதான் இருக்கு. கம்பெனிக்காரர் பட்டா கேக்க மாட்டார், கையெழுத்து கேக்க மாட்டார், வட்டி கூட கேக்க மாட்டார். அவர் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, உன் பாடு, அதாவது நீ பிடிக்கிறது, பூரா எனக்குத்தான். வட்டி விலையில ஒளிஞ்சிருக்கு.

கணக்கு புரியுறதுக்காக ஒரு உதாரணம் போடுறேன், இது யாரோட கணக்கும் இல்ல, நானா வச்சுக்கிட்ட நம்பர். முன்பணம் ஒரு லட்சம். கிலோவுக்கு வெளி விலைய விட 40 ரூபா கம்மி. ஒரு நாளைக்கு 10 கிலோ நண்டு, மாசத்துக்கு 20 நாள் கடலு, காத்து மோசமான நாள் போக வருசத்துக்கு பத்து மாசம்னு வச்சா, ஒரு நாளைக்கு 400, மாசம் 8,000, வருசத்துக்கு 80,000 ரூபா விலையிலயே போயிருது. அசல் ஒரு லட்சம் அப்படியே நிக்கும், அதுல ஒத்த பைசா கொறையாது. இத எந்த ரசீதுலயும் பாக்க முடியாது, அதான் இதுல இருக்குற கஷ்டமே, கண்ணுல தெரியாத வட்டிய எப்படி எதிர்த்துப் பேசுறது.

இப்ப போன் விசயத்துக்கு வாங்க. விலை தெரியுறதால மட்டும் லாபம் வராது, தெரிஞ்ச விலைக்கு விக்கிற சுதந்திரம் இருந்தாத்தான் வரும். ஜென்சன் பாத்த மத்திக் கரையில மீனவங்க பல கரைக்கு மாறி மாறி எறக்க முடிஞ்சது, அந்த இடத்துல போன் தன் வேலைய செஞ்சது. பின்னாடி கேரளாவுலயே வேற கரைகளுக்குப் போய்ப் பாத்த ஆராய்ச்சியாளர்கள், ஏலக்காரர்கிட்டயோ வியாபாரிகிட்டயோ கடன்ல கட்டுப்பட்டிருக்குற மீனவருக்கு இந்தக் கதை அப்படியே பொருந்தாதுனு எழுதியிருக்காங்க. அப்ப போன் மேல தப்பு இல்ல, போன் போய் விழுந்த இடத்துல ஏற்கனவே ஒரு கணக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அந்தக் கணக்க போன் தொடவே இல்ல.

அதத் தொட்ட ஒரு முயற்சி நம்ம பக்கத்துலயே இருக்கு, அது டெக்னாலஜியே இல்ல, ஆனா நான் பாத்ததுலயே பெரிய பிசினஸ் கண்டுபிடிப்பு அதுதான்னு சொல்லுவேன். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ்னு சொல்லுவாங்க, 1980ல திருவனந்தபுரத்துல ஆரம்பிச்சது, கேரளாவுலயும் கன்னியாகுமரிப் பக்கமும் வேர் விட்டுச்சு. வேலை செய்யுற விதம் இதுதான். ஊர்ல ஒரு சங்கம். கரையில மீன ஏலம் விடுறது சங்கத்தோட ஆளு. வாங்குற வியாபாரி காசு கட்ட வேண்டியது சங்கத்துக்கு, மீனவருக்கு காசு குடுக்குறது சங்கம், வியாபாரி இழுத்தடிச்சாலும் மீனவருக்கு தொல்லை இல்ல. ஒவ்வொரு நாள் வித்த காசுலயும் ஒரு சின்ன சதவீதம் கடனுக்கு, இன்னும் சின்னதா ஒரு சதவீதம் சேமிப்புக்குனு பிடிச்சுக்குவாங்க. பாடு நல்லா இருந்தா நிறைய அடையும், பாடு இல்லாத நாள் ஒண்ணும் பிடிக்க மாட்டாங்க. பேங்க் இத நம்பி சங்கம் மூலமா கடன் குடுக்கும், ஏன்னா மீன் கரைக்கு வந்த எடத்துலயே காசு பிடிச்சாச்சு.

நல்லா கவனிச்சுப் பாத்தீங்கன்னா இது கம்பெனிக்காரர் செய்யுற அதே வேலைதான். அவரும் பாடுல இருந்துதான் பிடிக்கிறாரு, அவரும் பட்டா கேக்கல, மொத்த மீனும் எனக்கு வரணும்னு அவரும்தான் சொல்றாரு. வித்தியாசம் என்னன்னா இங்க பிடிச்ச காசு கடன்ல கழியுது, அங்க கழியல. மீனவங்க தேவைக்கு எது பொருந்தும்னு வியாபாரிதான் நூறு வருசமா படிச்சு வச்சிருக்காரு, அந்தப் படிப்ப எடுத்து மீனவங்க கையில குடுத்தாங்க, அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கூட்டமைப்பே பிளைவுட் படகு கட்டுச்சு, வெளிப்பொருத்து இன்ஜின் வாங்கி சர்வீஸோட குடுத்துச்சு, அந்த டெக்னாலஜி எல்லாம் தங்குச்சு, ஏன்னா அடியில இருந்த காசு ஏற்பாடு சரியா இருந்துச்சு.

நம்ம ராமநாதபுரம் கரையில இது ஏன் அந்த அளவுக்குப் பரவலன்னா, நான் நினைக்கிறது, இங்க நண்டும் எறாலும் கணவாயும்தான் காசு, அது நேரா ஏற்றுமதிக்குப் போற சரக்கு, வாங்குறவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான், ஐஸும் குளிர்வண்டியும் அவங்ககிட்ட. சங்கம் ஏலம் விட்டாலும் ஏலம் கேக்க நாலு பேர் வேணும்ல. அதோட லாஞ்சு வச்சிருக்குற சம்மாட்டியும் வத்தை வச்சிருக்குறவனும் ஒரே சங்கத்துல உக்கார்றது எங்க ஊர்ல லேசு இல்ல. இதச் சொல்லாம விட்டா பொய்யாயிரும்.

மீனவங்களுக்கும் விவசாயி மாதிரி கிசான் கிரெடிட் கார்டு குடுக்கலாம்னு 2018-19ல மத்திய அரசு கொண்டு வந்துச்சு, வட்டி கம்மி, ஒழுங்கா கட்டுனா இன்னும் கம்மி. கையில கிடைச்சவங்களுக்கு அது நல்லதுதான். ஆனா தவணைத் தேதி பேங்க் காலண்டர்ல இருக்கு, பாடு கடல் காலண்டர்ல இருக்கு. விசைப்படகுல கூலிக்குப் போறவனுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அந்த மாசம் எங்க இருந்து கட்டுவான்? கம்பெனிக்காரர் தடைக்காலத்துல கூட மேல அஞ்சாயிரம் குடுப்பார். அவர ஜெயிக்கணும்னா அவர் குடுக்குற அந்த அஞ்சாயிரத்தயும் குடுக்குற மாதிரி ஒரு ஏற்பாடு வேணும்.

தகவல் டெக்னாலஜியில நல்லா வேலை செஞ்சது எதுன்னா உசுர் சம்பந்தப்பட்டது. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல புதுச்சேரிப் பக்கம் கிராம தகவல் மையங்கள ஆரம்பிச்சது, வீராம்பட்டினத்துல அமெரிக்கக் கடற்படையோட வெப்சைட்ல இருந்து அலை உயர நிலவரத்த எறக்கி, தமிழ்ல எழுதி, ஒலிபெருக்கியில கரை பூரா கேக்குற மாதிரி வாசிச்சாங்க. இன்டர்நெட்டும் கூம்பு ஸ்பீக்கரும் சேந்த வேலை. 2004 டிசம்பர் 26 காலையில பக்கத்து நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூர்ல இருந்து ஊர்ப் பையன் ஒருத்தர் போன் பண்ணி எச்சரிச்சாரு, அந்த ஊர் மையத்துல இருந்த ஒலிபெருக்கியிலதான் எல்லாரையும் ஓடச் சொன்னாங்க, ஊரே தப்பிச்சது. அந்த ஸ்பீக்கர் சுனாமிக்காக வச்சது இல்ல, தினம் தினம் அலை நிலவரம் வாசிக்க வச்சது. தினமும் புழங்குற பொருளா இருந்ததாலதான் அந்த நிமிசத்துல கைக்கு வந்துச்சு.

நம்ம பாம்பன்ல 2016ல ஆரம்பிச்ச கடல் ஓசை 90.4 எஃப்எம்மும் அதே வம்சம்தான், மீனவங்களுக்காக மீனவங்களே பேசுற சமுதாய வானொலி. காத்து, அலை நிலவரத்த நம்ம பேச்சுல சொல்றாங்க. வாடைக் காத்து, கச்சான், சோளகம்னு சொன்னாத்தான் எங்க ஆளுக்கு உடம்புல ஏறும், மணிக்கு இத்தன கிலோமீட்டர்னு மட்டும் சொன்னா அது ரேடியோல கேட்ட சேதியா போயிரும்.

மீன் இருக்குற இடத்தச் சொல்ற சேவை ஒண்ணு இருக்கு, ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ் நிறுவனம் குடுக்குறது. செயற்கைக்கோள் கடல் மேற்பரப்போட சூட்டயும், தண்ணியில பச்சையம் எவ்வளவு இருக்குங்கிறதயும் பாக்கும். சூடான தண்ணியும் குளிர்ந்த தண்ணியும் சேர்ற கோட்டுல நுண்ணுயிர் பாசி பெருகும், அதத் திங்க சின்ன மீன் வரும், சின்ன மீனத் தேடி பெரிய மீன் வரும், அந்தக் கோட்டத்தான் வரைபடமா குடுக்குறாங்க, இலவசமா. ஆழ்கடல்ல போறவங்களுக்கு தேடுற நேரம், டீசல் ரெண்டும் மிச்சம். ஆனா பாக் நீரிணை ஆழம் கம்மியான கலங்கல் கடலு, கலங்கல் தண்ணியில சேறு எது பாசி எதுனு மேல இருந்து பிரிக்கிறது கஷ்டம், மேகம் மூடுனா சூடும் தெரியாது. அதனால ஒரே சேவை தெக்க போற ஆளுக்கு ஒரு மாதிரி, வடக்க போற ஆளுக்கு வேற மாதிரிதான் உதவும். அதே தகவல மீனவர் நண்பன்ங்கிற ஆப்ல அலை, காத்து, எல்லை எச்சரிக்கையோட சேத்துக் குடுக்குறாங்க, எங்க பசங்க அதுல அதிகமா பாக்குறது எல்லைக்கோட்டத்தான். இலங்கையோட 1974, 1976 ஒப்பந்தத்துல போட்ட கோடு தண்ணியில தெரியாது, தாண்டுனா சிறை, படகு போச்சு, அதனால.

2017 நவம்பர் 30 ஒக்கி புயல் வந்தப்ப குமரி, கேரளாப் படகுங்க ஏற்கனவே ஆழ்கடல்ல இருந்துச்சு, செல்போன் சிக்னல் எட்டாத தூரம், எச்சரிக்கை கரையிலயே நின்னுருச்சு. அதுக்கப்புறம்தான் செயற்கைக்கோள் வழி சேதி அனுப்புற கருவி மேல எல்லாருக்கும் கவனம் வந்துச்சு, இப்ப நாடு பூரா ஒரு லட்சம் படகுல டிரான்ஸ்பாண்டர் வைக்க 364 கோடி ஒதுக்கியிருக்காங்க. ஆபத்துனு பட்டன அமுக்குனா கரைக்குத் தெரியும், கரையில இருந்து புயல் சேதி படகுக்கு வரும். இது வரணும், வேகமா வரணும். உசுர் விசயத்துல விலை, முன்பணம்னு எந்தக் கணக்கும் குறுக்க வராது, கம்பெனிக்காரரும் அவர் ஆளு உசுரோட திரும்பணும்னுதான் நினைப்பார். எல்லாரோட நன்மையும் ஒரே பக்கம் இருக்குற இடத்துல டெக்னாலஜி வழுக்கிக்கிட்டுப் போகுது.

நன்மை ரெண்டு பக்கமா இழுக்குற இடம் எப்படி இருக்கும்னு பாக்க கடல்பாசி வளர்ப்பு கதைய எடுத்துக்கோங்க, இதுல எங்க குடும்பமே இருந்ததால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பவநகர்ல இருக்குற மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், அவங்க கிளை ஒண்ணு மண்டபத்துல இருக்கு. அவங்க 1980கள்ல கப்பாபைகஸ்ங்கிற வெளிநாட்டுப் பாசிய கொண்டு வந்து வளத்துப் பாத்து, 90கள்ல நம்ம கடலுக்குப் பழக்குனாங்க. அதுல இருந்து காராஜீனன்னு ஒரு பசை எடுப்பாங்க, ஐஸ்கிரீம், பற்பசை எல்லாத்துலயும் இருக்கும். 2000 வாக்குல பெப்சி நிறுவனம் உரிமம் வாங்கி ஒப்பந்த முறையில எறங்குச்சு, மகளிர் சுயஉதவிக் குழு, பேங்க் கடன், மானியம், வாங்கிக்கிறேன்னு கம்பெனி உத்தரவாதம், எல்லாம் சேந்து வந்துச்சு. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, கயிறுல வெதைப்பாசிய துண்டு துண்டா கட்டி கடல்ல விடணும், ஒரு மிதவைக்கு 60 கிலோ வெதை, 45 நாள்ல நாலு மடங்குக்கு மேல வரும். அத காய வச்சா பத்து கிலோவுக்கு ஒரு கிலோதான் நிக்கும். முனைக்காடு பக்கம் எங்க சித்தி குழுவுல இருந்தாங்க. கழுத்தளவு தண்ணியில நிக்கிற வேலை, ஆனா வீட்டு வாசல்ல இருந்து நூறு அடியில வேலை, ஆம்பள கடலுக்குப் போகாத நாள்லயும் பொம்பள கையில காசு. எங்க தெருவுல ஓட்டு வீடு மாடியானதுல பாசிக் காசு நிறைய. இத எழுதும்போது எனக்கு இப்பவும் பெருமையா இருக்கு.

நல்ல கண்டுபிடிப்பும் இதுல நடந்துச்சு. பச்சைப் பாசியப் பிழிஞ்சு சாற உரமா விக்கலாம், சக்கையில இருந்து பசை எடுக்கலாம்னு அந்த ஆராய்ச்சி நிறுவனம் வழி கண்டுபிடிச்சது, ஒரே பாசியில ரெண்டு வருமானம். 2008ல பெப்சி அந்தத் தொழில அக்வாஅக்ரிங்கிற கம்பெனிக்கு குடுத்துட்டு வெளிய போச்சு, அந்தக் கம்பெனில இஃப்கோங்கிற உரக் கூட்டுறவு நிறுவனம் பாதிப் பங்கு வாங்கி இப்ப சாகரிகாங்கிற பேர்ல அந்தச் சாறு உரக்கடைக்கு வருது. மானாமதுரைல பிழியுறாங்க. எங்க கடல் பாசி ராமேஸ்வரம் ரயில் பாதையிலயே மேற்க போயி, விலை கூடுற வேலை அங்க நடக்குது. அது அவங்க முதலீடு, தப்பு சொல்லல. எங்க கரையில நின்னது வெதைக்கிற வேலையும் காய வைக்கிற வேலையும் மட்டும்தான்னு சொல்றேன்.

2013க்கு அப்புறம் பாசி செத்துச்சு. தண்ணி சூடு கூடுனதும் தண்டு வெளுத்து, குழகுழன்னு ஆகி ஒடிஞ்சு விழும். எல்லாருமே ஒரே தாய்ச் செடியோட துண்டத்தான் வருசக்கணக்கா வெட்டி வெட்டி நட்டுக்கிட்டு இருந்தாங்க, விதையில இருந்து முளைச்சது இல்ல, அதனால ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும், வீரியமும் வருசா வருசம் கொறையும். இது ஆராய்ச்சியாளருக்கு தெரியாத விசயம் இல்ல. ஆனா ஒப்பந்தத்துல வாங்குற விலை இருந்துச்சு, வெதை செத்தா யார் பொறுப்புனு இல்ல. மூங்கில், கயிறு, வலை எல்லாம் கடன்ல வாங்குனது, குழுவோட பேர்ல கடன், குழுவுல பத்து பொம்பளைங்க ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன். சித்தி அந்த வருசம் கழுத்துச் செயின வச்சு தவணை கட்டுனாங்க. கம்பெனிக்கு நஷ்டம்னா சரக்கு வரல, அவ்வளவுதான். சித்திக்கு நஷ்டம்னா செயின். புது டெக்னாலஜியோட முதல் ஆபத்து எப்பவும் தாங்க முடியாத ஆள் தலையில விழுறது, நான் எங்க படிச்சாலும் அதே கதைதான், பி.டி. பருத்தியோ மைக்ரோ ஃபைனான்ஸோ.

அதே பாசிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மன்னார் வளைகுடாவுல குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி தானா பரவி பவளப்பாறை மேல படர்ந்துருச்சுனு 2008ல விஞ்ஞானிகள் எழுதுனாங்க. தமிழ்நாடு அரசு 2005லயே பாக் நீரிணை வடக்குப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெக்கயும்தான் வளக்கலாம்னு கட்டுப்பாடு போட்டிருந்துச்சு. 21 தீவு தேசியப் பூங்கா அது, ஒரு தடவை போச்சுனா திரும்ப வராது.

இதுக்கு நேர் எதிரா, பாம்பன் பக்கம் சின்னப்பாலம் மாதிரி ஊர்கள்ல கடல்ல முங்கி இயற்கையா வளர்ற பாசிய எடுக்குற பொம்பளைங்க இருக்காங்க. கையில துணியச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு மூச்சப் பிடிச்சு முங்குவாங்க. அவங்க தங்களுக்குள்ள கூடிப் பேசி மாசத்துல இத்தன நாள்தான் எடுக்கணும், இரும்பு வச்சு சொரண்டக் கூடாது, வேரோட பிடுங்கக் கூடாது, வளர்ற காலத்துல கொஞ்ச நாள் விட்டுறணும்னு கட்டுப்பாடு போட்டாங்க. அந்த ஊர்ப் பெண் ஒருத்தருக்கு 2015ல சீகாலஜி பரிசு அமெரிக்காவுல குடுத்தாங்க. டெக்னாலஜினு பாத்தா ஒரு நீச்சல் கண்ணாடிதான். ஆனா இருபது வருசம் கழிச்சும் பாசி இருக்கணும்ங்கிற யோசனை அந்த ஏற்பாட்டுக்குள்ள இருக்கு.

ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டத்தயும் சொல்லணும். 2017ல வந்துச்சு, எல்லைப் பிரச்சனை தீரணும்னா கடலடியில இழுத்துப் பிடிக்கிற இழுவைமடி வலைய விட்டுட்டு ஆழ்கடலுக்குப் போங்கனு. அப்ப படகு 80 லட்சம், மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், பேங்க் கடன் 20 சதவீதம், மீனவர் பங்கு 10 சதவீதம், அதாவது 8 லட்சம். பேப்பர்ல இத விட நல்ல மானியம் கிடையாது. மூணு வருசத்துல 2,000 படகுனு சொன்னாங்க, வந்தது அதுல சின்னப் பங்குதான். எங்க ஆளுங்க ஒரு ராத்திரி தங்கி வர்ற பழக்கம், அது வாரக்கணக்குல தங்குற தொழில். ஒவ்வொரு பயணத்துக்கும் டீசல், ஐஸ், சாப்பாடுனு லட்சக்கணக்குல கையில வேணும், அந்தக் காசுக்கு மானியம் இல்ல, அப்ப யார்கிட்ட போவாங்க? திரும்ப முன்பணம்தான். அதோட நல்ல விலைக்குப் போற சூரை, பிடிச்ச நிமிசத்துல குடல எடுத்து ஐஸ்ல வைக்கணும், எறக்குன உடனே வாங்குற ஆள் வேணும். படகுக்குத் திட்டம் போட்டாங்க, மீன் வித்து காசு வர்ற வழிக்கு யாரும் திட்டம் போடல.

கென்யாவுல 2007ல வந்த எம்-பெசா பத்தி ஒரு வரி. போன்ல பணம் அனுப்புற அந்த சேவைய முதல்ல சிறு கடன் தவணை கட்டத்தான் சோதிச்சுப் பாத்தாங்க, ஜனங்க அத ஊருக்குப் பணம் அனுப்ப எடுத்துக்கிட்டாங்க, கம்பெனி பிடிவாதம் பிடிக்காம அந்த வழிக்கே திரும்புச்சு. அது கென்யாவுல ரெண்டு சதவீத குடும்பங்கள வறுமையில இருந்து தூக்குச்சுனு 2016ல ஆய்வு வந்துச்சு. நம்மகிட்டயும் அதே 2016ல யுபிஐ வந்துச்சு, இன்னைக்கு ராமநாதபுரம் மார்க்கெட்ல மீன் கூடை வச்சிருக்குற அக்கா எல்லாம் கியூஆர் அட்டை வச்சிருக்காங்க. அந்த வரவு செலவு பதிவ வச்சே பட்டா இல்லாம கடன் குடுக்கலாம், பாடு மாதிரியே ஏற இறங்க தவணை பிடிக்கலாம். ஆனா கென்யாவுல அதே பதிவ வச்சு போன்லயே சுலபமா கடன் குடுத்து நிறைய பேர் கடன்ல மாட்டுனதும் நடந்துச்சு. யார் கையில அந்தப் பதிவு இருக்குங்கிறதுதான் விசயம், ஊர்ச் சங்கம் கையிலயா இல்ல இன்னொரு கண்ணுக்குத் தெரியாத கம்பெனிக்காரர் கையிலயா.

இப்ப தொண்டிப் பக்கம் வளமாவூர்ல 127 கோடியில கடல்பாசிப் பூங்கா வருது, 2023ல அடிக்கல் நாட்டுனாங்க. வெதை வளக்குற கூடம், ஆராய்ச்சி, பயிற்சி எல்லாம் அதுல இருக்கு. எனக்கு அதுல நம்பிக்கை இருக்கு, ஏன்னா 2013ல இல்லாம போன முதல் பொருளே நல்ல வெதைதான். பாசி சம்பந்தமா பக்கத்துல ஒரு கூட்டம் நடக்குது, நீயும் வர்றியானு சித்திகிட்ட கேட்டேன். வலையில நண்டு கழட்டிக்கிட்டே, "நான் எதுக்குய்யா, நீ போயிட்டு வா. வெதை செத்துப் போச்சுன்னா தவணைய யாரு கட்டுவா, அத மட்டும் கேட்டு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வா, தமிழ்ல"ன்னாங்க.